நிகண்டும் சொல்லடைவும் தேடுபொறியும்

சில மாதங்களுக்கு முன் முதுகலை மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டின் முன்னுரையை நம்மிடம் கொண்டுவந்து காட்டினார். ‘இப்பொருளில் இதுவரை எவரும் ஆய்வு நிகழ்த்தவில்லை’ என்று முதற்பத்தியிலேயே எழுதியிருந்தார். எவ்வாறு அறிந்தீர்கள் என்று கேட்டோம். “வலையில் தேடிப் பார்த்தேன் ஐயா, ஒன்றுமே வரவில்லை” என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தொலைவில், துறை நூலகத்தின் மரஅலமாரியில், அதே பொருளில் தட்டச்சு செய்யப்பெற்ற பழைய ஆய்வேடு ஒன்று பைண்டு செய்யப்பட்டு இருந்தது. எடுத்துக் கொடுத்தோம். அவருக்கு வெட்கத்தைவிட வியப்பே மிகுதியாக இருந்தது. தேடியும் வராத ஒன்று எப்படி இருக்க முடியும்?

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘வரவில்லை’ என்பதற்கும் ‘இல்லை’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவை நாம் அவருக்குக் கற்பிக்கவில்லை. தேடுகருவி எதைத் தேடுகிறது, எங்கே தேடுகிறது என்பதை அறியாமலேயே நம்மில் பெரும்பாலோர் அதன் முன் அமர்கிறோம். இத்தனைக்கும் இக்கருவிகளின் வரலாறு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு வரலாறுதான். அதற்குள் தேடும் முறை நான்கைந்து முறை அடியோடு மாறியிருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு அம்முறைகளில் எதுவும் முற்றிலும் புதிதன்று என்பது நம் எண்ணம்.

1990ஆம் ஆண்டு கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்னும் மாணவர் (பார்படோஸ் தீவைச் சேர்ந்தவர்) ‘ஆர்ச்சி’ என்றொரு நிரலை உருவாக்கினார். உலகளாவிய வலை அப்போது பொதுப் புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. பல்கலைக்கழகக் கணினிகள் சில, எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கோப்புகளைத் திறந்துவைத்திருந்தன. எந்தக் கணினியில் எந்தக் கோப்பு இருக்கிறது என்பதுதான் எவருக்கும் தெரியாது. ஆர்ச்சி அக்கணினிகளை அவ்வப்போது தொடர்புகொண்டு, அங்குள்ள கோப்புப் பெயர்களின் பட்டியலை வாங்கிவந்து ஓரிடத்தில் சேர்த்து வைத்தது. பெயரைக் கொடுத்தால் இடத்தைச் சொல்லும். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை அது அறியாது. சுவடிக்கட்டின் மேலே எழுதியுள்ள பெயரை நம்பி அவிழ்த்துப் பார்த்து, உள்ளே வேறொரு நூலைக் கண்டவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். (‘ஆர்க்கைவ்’ என்னும் சொல்லில் ஓர் எழுத்தை நீக்கியதால் வந்த பெயர் ஆர்ச்சி. அது ஓர் அமெரிக்கப் படக்கதை நாயகனின் பெயராகவும் இருந்துவிட்டதால், பின்னால் வந்த கருவிகளுக்கு அக்கதையின் பிற பாத்திரங்களான வெரோனிக்கா, ஜக்ஹெட் ஆகியோரின் பெயர்களை வைத்தார்கள். அந்தக் காலத்து நிரலாளர்களுக்கு இருந்த விளையாட்டுத்தனம் இப்போதைய நிறுவனங்களுக்கு இல்லை.)

வலை பரவத் தொடங்கிய 1993ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃபிளெட்சர் ‘ஜம்ப்ஸ்டேஷன்’ என்னும் கருவியை அமைத்தார். ஒரு பக்கத்திலுள்ள சுட்டிகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் செல்லும் தானியங்கி ஒன்று அதில் இருந்தது. சென்ற இடமெல்லாம் அது பக்கத்தின் தலைப்பையும் உட்தலைப்புகளையும் மட்டும் குறித்துக்கொண்டது. முழுவதையும் குறித்துக்கொள்ள அக்காலக் கணினிக்கு இடமில்லை. நம் பழைய பதிப்புகளின் பின்னே பாட்டு முதற்குறிப்பகராதி இருக்குமே, அதுபோன்றது இது. பாடலின் முதலடி நினைவிலிருந்தால் அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம். நடுவே வரும் ஓர் உவமை மட்டும் நினைவிலிருந்தால் நூல் முழுவதையும் புரட்ட வேண்டியதுதான். 1994 ஏப்ரலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்ட்டன் வெளியிட்ட ‘வெப்கிராலர்’ இந்தக் குறையை நீக்கியது. பக்கத்திலுள்ள எல்லாச் சொற்களையும் அது அடைவுபடுத்தியது. முதற்குறிப்பகராதி சொல்லடைவாக மாறிய இடம் அதுதான்.

இன்றைய தேடுபொறிகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்தச் சொல்லடைவே. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘சிலந்தி’ என்று நாம் பெயரிட்டழைக்கும் தானியங்கி உண்மையில் எங்கும் ஊர்ந்து செல்வதில்லை. தன் இடத்தில் இருந்துகொண்டே, உலாவி கேட்பதுபோலப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. வாங்கிய பக்கத்தைச் சொல் சொல்லாகப் பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் அச்சொல் வரும் பக்கங்களின் எண்களையும் வரும் இடங்களையும் எழுதிக்கொள்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து டொமினிக்கன் துறவியர் விவிலியத்துக்கு இதே வகையில் சொல்லடைவு செய்தார்கள். முறை ஒன்றுதான், கை வேறு, வேகம் வேறு.

இதிலிருந்து ஒன்று பெறப்படும். நாம் ஒரு சொல்லை இட்டுப் பொத்தானை அழுத்தும் கணத்தில் பொறி வலைக்குள் சென்று தேடுவதில்லை. முன்பே எழுதிவைத்த தன் அடைவைப் புரட்டுகிறது, அவ்வளவுதான். அடைவில் ஏறாதது அதற்கு இல்லாததே. எவரும் சுட்டி தராத பக்கம் ஏறாது. கடவுச்சொல் கேட்கும் தளத்தின் உட்பக்கம் ஏறாது. ‘இங்கே வராதே’ என்று தானியங்கிகளுக்கு அறிவிப்பு வைக்கும் வழக்கத்தை மார்ட்டின் காஸ்டர் 1994இல் முன்மொழிந்தார். அந்த அறிவிப்பை மதிக்கும் பொறி அங்கே நுழையாது. மின்வடிவம் பெறாமல் மரஅலமாரியில் உறங்கும் ஆய்வேட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நிற்க. சொற்களைக் கொண்டு தேடுவது ஒரு வழி என்றால், பொருளைக் கொண்டு தேடுவது அதற்கு நேர் மறுவழி. 1994இன் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியலிடத் தொடங்கினர். அதுவே யாகூ ஆயிற்று. யாகூவின் கோப்பில் தானியங்கியின் தீர்ப்புக்கு இடமில்லை. மனிதர் ஒருவர் தளத்தைப் பார்த்து, இஃது இன்ன வகை என்று முடிவுசெய்து, உரிய தலைப்பின் கீழ் வைத்தார். கலை, வணிகம், கல்வி, உடல்நலம் என்று 14 பெருந்தலைப்புகள். அவற்றின் கீழ்க் கிளைகள். கிளைகளின் கீழ்ச் சிறுகிளைகள்.

நமக்கு இது நிகண்டு. சேந்தன் திவாகரம் சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என்று 12 தொகுதிகளாக வகுக்கிறது. யானையின் பெயர்கள் வேண்டுமென்றால் விலங்கின் தொகுதிக்குப் போக வேண்டும். உலகம் எப்படிப் பகுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தவருக்கே நிகண்டு திறக்கும். அறியாதவருக்கு அது வெறும் செய்யுள். ஆனால் அறிந்தவருக்கு அது தரும் பயனை அகராதி தராது. ஒரு பெயரைத் தேடிச் சென்றவர் அதன் பக்கத்தில் நிற்கும் பத்துப் பெயர்களையும் கண்டு திரும்புவார். நிகண்டிலும் ஒரு பகுதி, ஒருசொல் பலபொருள் கூறும் தொகுதி, பொருளால் வகுக்க முடியாமல் நின்றது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு அப்பகுதியை எதுகையால் வரிசைப்படுத்தியது. அதாவது இரண்டாம் எழுத்தைக் கொண்டு தேட வேண்டும்! மனப்பாடம் செய்தவனுக்கு அதுவே எளிது. முதலெழுத்து வரிசையில் சொற்களை நிறுத்திய சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு 1594இல் வந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல். பொருள் வரிசையிலிருந்து எழுத்து வரிசைக்கு நாம் நகர்ந்துவரப் பல நூற்றாண்டுகள் ஆயின. வலை அதே தொலைவை ஐந்தாறு ஆண்டுகளில் கடந்தது.

நாம் முதுகலை படித்த 2002ஆம் ஆண்டளவில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்துப் பிரவுசிங் சென்டரில் அமர்ந்து யாகூவின் கோப்பில் தமிழ் இலக்கியத்தைத் தேடியது நினைவுக்கு வருகிறது. கலைகளின் கீழ் இலக்கியத்திலா, நாடுகளின் கீழ் இந்தியாவிலா, மொழிகளின் கீழா? ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடுவதற்குள் அரைமணி போய்விடும். மரவடிவப் பகுப்பின் நோய் இது. ஒரு பொருளை ஒரு கிளையில்தான் தொங்கவிட முடியும். கும்பகோணம் வெற்றிலையைப் பற்றிய நூல் ஊருக்கு உரியதா, கொடிக்கு உரியதா, வணிகத்துக்கு உரியதா? யாகூ குறுக்குச்சுட்டிகளைக் கொண்டு ஒருவாறு சமாளித்தது.

இந்நோய்க்கு மருந்து சென்னையிலேயே இருந்தது என்பது பலர் அறியாதது. சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி இராமாமிருத ரங்கநாதன், இலண்டன் கடையொன்றில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளிலிருந்து ஒரு கருத்தைப் பெற்றார். சில துண்டுகளும் திருகாணிகளும் இருந்தால் எத்தனை உருவம் வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளலாம். அதுபோல ஒரு நூலின் பொருளை முன்பே செய்த கிளையில் தொங்கவிடாமல், அதன் கூறுகளைத் தனித்தனியே குறித்து, இடையே முக்காற்புள்ளி இட்டுப் பூட்டலாம். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அதுதான். இடம் ஒரு கூறு, காலம் ஒரு கூறு, செயல் ஒரு கூறு. வெற்றிலை நூலுக்கு ஊரும் கொடியும் வணிகமும் ஒருங்கே அமையும். நூலகங்களில் டூயியின் தசமப் பகுப்பு பெற்ற ஆட்சியை இது பெறவில்லை. ஆனால் இன்று இணையக் கடையில் சேலை வாங்குவோர் நிறம், விலை, நெசவு என்று தனித்தனிக் கட்டங்களில் குறியிட்டுச் சுருக்கிக்கொண்டே போகிறார்களே, அந்த ஏற்பாட்டின் வேர் ரங்கநாதனின் சிந்தனையில்தான் இருக்கிறது.

யாகூவின் கோப்பை வீழ்த்தியது பகுப்பின் குறை மட்டுமன்று, பெருக்கம். நாளொன்றுக்கு வந்து குவியும் தளங்களைப் பார்த்துத் தீர்க்க எத்தனை பேரைத்தான் பணியில் அமர்த்துவது? தன்னார்வலரைக் கொண்டு 1998இல் தொடங்கப்பட்ட திறந்தநிலைக் கோப்பு (டிமோஸ் என்று அறியப்பட்டது) சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. யாகூ தன் கோப்பை 2014இன் இறுதியில் மூடியது. டிமோஸ் 2017 மார்ச்சில். இரண்டுக்கும் இரங்கல் எழுதியவர் சிலரே.

தானியங்கிகளின் பக்கத்தில் வேறு தொல்லை. 1995 டிசம்பரில் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட ஆல்ட்டாவிஸ்ட்டா வேகத்தாலும் பரப்பாலும் எல்லாரையும் மலைக்க வைத்தது. ஆனால் ஒரு சொல்லுக்குப் பல்லாயிரம் பக்கங்கள் வந்து நின்றால் எது முதலில் நிற்பது? ஒரு சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, மொத்தத்தில் எவ்வளவு அரிதாக வருகிறது என்று கணக்கிடும் முறை முன்பே இருந்தது; அரிய சொல்லுக்கே எடை அதிகம் என்னும் கருத்தைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இலேயே வகுத்திருந்தார். நூலகத்தில் நன்கு வேலை செய்த அம்முறை சந்தையில் தோற்றது. நூலாசிரியர் எவரும் அட்டவணையை ஏமாற்றுவதற்காக நூல் எழுதுவதில்லை. வலையிலோ வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை எழுதிவைத்தார்கள். படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது, பொறிக்குத் தெரியும். பல பொறிகளிடம் கேட்டு விடைகளைத் தொகுத்துத் தரும் மெட்டாகிராலர் போன்ற கருவிகளும் 1995இல் வந்தன. தமக்கென அடைவில்லாத அவை, கேட்ட பொறிகள் ஏமாந்தபோது தாமும் ஏமாந்தன.

ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பக்கூடாது, பிறர் அதைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் 1996 முதல் 1998 வரை பலருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியது. ராபின் லீ, மார்க்கியோரி, கிளைன்பெர்க் ஆகியோர் தனித்தனியே அதில் உழைத்தனர். லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் எழுதிய கட்டுரையே உலகறிந்தது. ஒரு சுட்டி என்பது ஒரு சான்று. ஆனால் எல்லாச் சான்றும் சமமன்று. மதிப்புடைய பக்கம் தரும் சுட்டிக்கு மதிப்பு மிகுதி. அப்பக்கமும் நூறு பேருக்குச் சுட்டி தந்தால், தன் மதிப்பை நூறாகப் பங்கிட்டே தருகிறது. மதிப்புடைய பக்கம் எது என்று எப்படி அறிவது? அதற்குச் சுட்டி தருவோரின் மதிப்பைக் கொண்டு. வட்டமாகச் சுற்றும் இவ்வாதத்தைக் கணிதம் அவிழ்த்துவிடுகிறது: எல்லாருக்கும் சமமான மதிப்பைக் கொடுத்துத் தொடங்கி, பங்கிட்டுப் பங்கிட்டுப் பார்த்தால் சில சுற்றுகளில் எண்கள் நிலைகொண்டுவிடும்.

ஆய்வுலகில் இது பழக்கமான வழிதான். ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினர் என்று தொகுக்கும் அறிவியல் மேற்கோள் அடைவை யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிடத் தொடங்கினார். நம் மரபிலும் உரையாசிரியர்கள் எடுத்தாண்ட மேற்கோள்களே பல நூல்களுக்கு உயிர். நூல் அழிந்தபின்னும் மேற்கோள் நிற்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்ற தொகுப்பைச் செய்ய முடிந்தது அதனால்தானே? இங்கே ஒரு வியப்பான ஒற்றுமை. பேஜ், பிரின் கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது: பிறர் சுட்டியில் எழுதியுள்ள சொற்களையும் அடைவில் சேர்த்துக்கொள்வதால், தங்கள் பொறி தான் ஒருபோதும் வாங்கிப் பார்க்காத பக்கத்தையும் விடையாகத் தரக்கூடும். வேங்கடசாமியும் தாம் கண்ணால் காணாத நூல்களைத்தானே பட்டியலிட்டார்!

ஆனால் மேற்கோள் முறையின் மறுபக்கத்தையும் நம் இலக்கிய வரலாறு அறியும். உரையாசிரியர் கைபடாத நூல் எத்தனை சிறந்ததாயினும் அழிந்தது. முன்னரே அறியப்பட்டது மேலும் அறியப்படும்; தேடுபொறியின் முதற்பக்கத்தில் இருப்பதற்கே மேலும் சுட்டிகள் சேரும். அந்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்ற அச்சத்தை ஆசிரியர்கள் இருவரும் வெளியிட்டிருந்தனர். 2000 அக்டோபரில் அவர்களது நிறுவனமே விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. நாம் வேறொன்றும் சொல்லவில்லை.

இத்தனையும் ஆங்கிலத்துக்குச் சரி. தமிழுக்கு வந்தபோது சொல்லடைவின் முதற்படியே இடறிற்று. 1990களில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தன. திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும், உள்ளே பதிந்திருப்பவை உரோமன் எழுத்துகளும் குறிகளும். தளத்துக்குத் தளம் அவையும் வேறு. பொறியின் அடைவில் தமிழ் ஏறியது, தமிழாக ஏறவில்லை. திஸ்கி குறியீடு ஒருபுறம், 1999இல் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் குறியீடுகள் ஒருபுறம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்து அன்பர்கள் திஸ்கியில் நூல்களை ஏற்றி, பின்னர் யூனிகோடுக்கு மாற்றினர். யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருந்தும், மக்கள் கணினியில் அது புழங்க விண்டோஸ் 2000 போன்றவை வரவேண்டியிருந்தது. தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்தது 2010இல். கூலியின்றி எழுத்தை மாற்றித் தந்தவர்களின் உழைப்பு இல்லையென்றால், எந்தப் பொறியும் நமக்கு ஒரு வரியைத் தந்திராது.

குறியீடு ஒன்றான பிறகும் இலக்கணம் குறுக்கே நிற்கிறது. ‘மரம்’ என்று தேடுபவனுக்கு ‘மரத்தை’ வேண்டும், ‘மரங்கள்’ வேண்டும். ‘வா’ என்னும் வினை ‘வந்தான்’ ஆகும்போதும் ‘வருகிறான்’ ஆகும்போதும் பொறி எதைக்கொண்டு அதே சொல் என்று அறியும்? செய்யுளிலோ இன்னும் கொடுமை. பழம்பதிப்புகள் சீர் பிரித்து அச்சிடப்பட்டவை. ஒரு சொல்லின் பாதி ஒரு சீரிலும் மறுபாதி அடுத்த சீரிலும் நிற்கும். பொறிக்கு இடைவெளிதான் சொல்லின் எல்லை. ஆகவே அப்பாதிகள் இரண்டு பொருளற்ற சொற்களாக அடைவில் ஏறுகின்றன. உண்மைச் சொல் ஏறுவதேயில்லை. 1950களில் மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்து வந்தபோது முகம் சுளித்த புலவர்கள் இருந்தனர். எளிய வாசகனுக்கெனச் செய்த அப்பிரிப்பு, அவர்கள் கனவிலும் காணாத ஒரு வாசகனுக்கும் உதவுகிறது.

அண்மைக் காலத்தில் பொறிகள் மறுபடி நிகண்டின் பக்கம் திரும்பியிருக்கின்றன. ஒரு சொல் எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்பதைப் பெருந்திரளான உரையிலிருந்து பயின்று, அச்சொல்லை ஓர் எண்வரிசையாக்கி, எண்களின் நெருக்கத்தைக் கொண்டு பொருள் நெருக்கத்தை அறிகின்றன. ‘குதிரை’ என்று கேட்டால் ‘புரவி’யும் ‘பரி’யும் வரலாம். திவாகரர் ஒரே நூற்பாவில் நிறுத்திய பெயர்கள் இங்கே அருகருகே வந்து நிற்கின்றன; நிறுத்தியவர் என்று எவரையும் சுட்ட முடியாது. கூகுள் 2019இல் இவ்வகை மொழி மாதிரியைத் தேடலில் புகுத்தியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் பட்டியல் போய், விடையே நேராக வருகிறது. பக்கத்தைக் காட்டுவதற்குப் பதில் பக்கத்தைப் போல ஒன்றை எழுதித் தருகிறது.

அத்தகைய கருவி ஒன்று தந்ததாக மாணவி ஒருவர் அண்மையில் ஒரு பாடலைக் கொண்டுவந்தார். குறிஞ்சித் திணை, தலைவி கூற்று, மழை, அருவி, எல்லாம் குறைவற இருந்தன. கீழே ‘குறுந்தொகை 412’ என்றிருந்தது. கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகை 401 பாடல்களோடு முடிந்துவிடுகிறது. “எண் தவறாக இருக்கலாம் ஐயா, பாட்டு இருக்குமே” என்றார். இருக்கலாம்தான். நூலகத்துக்கு அழைத்துச் சென்று சங்க இலக்கியச் சொல்லடைவை எடுத்து அவர் முன் வைத்தோம். பாட்டும் தொகையும் மட்டுமே அதற்கு உலகம்; அவ்வுலகத்தின் சொல் ஒவ்வொன்றும் அதில் உண்டு. முதலடியின் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னோம். மூன்று சொற்கள் இருந்தன, வெவ்வேறு நூல்களில், வெவ்வேறு பாடல்களில். மூன்றும் ஒரே அடியில் சேர்ந்து எங்கும் இல்லை. நான்காவது சொல் அடைவிலேயே இல்லை. அவர் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டி, எழுத்து வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே இரண்டாம் முறையும் பார்த்தார். பிறகு, “இல்லை ஐயா” என்றார்.